கடைக்கு வந்தவர் காதில் பாட்டை ஊற்றலாமா?

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்தாயிற்று. இந்தத் தடவை தூங்குகிறவர்களை எழுப்பிவிடுகிற விஷயம். வலைத்தளத்தில் சத்தம்.

எங்கள் மார்க்கெட்டிங் புத்தகத்தில் விளம்பரம் என்ற பாடத்தில் ரேடியோ உண்டு, டிவி உண்டு, சுவரொட்டி கூட உண்டு. ஒரு வியாபாரி தன் வலைத்தளத்தில் ஒலியை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி கிடையாது. ஆனால் புதிதாகத் தளம் போடுகிற சின்ன வியாபாரிகள் பலரும் அதைச் செய்து கொடுக்கிற பையனிடம் கேட்கிற முதல் நாலைந்து கேள்விகளில் இது ஒன்று: "தம்பி, திறந்ததும் ஒரு மியூசிக் வந்தா நல்லா இருக்கும்ல?"

நல்லா இருக்காதுங்க. இதுதான் என் கட்சி. ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். ஒலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில வியாபாரங்களுக்கு ஒலி இல்லாத வலைத்தளம் என்பது சரக்கில் பாதியை உள்ளே பூட்டி வைத்துவிட்டுக் கடை திறந்த மாதிரி. வந்தவர் கேட்காமலே அவர் காதில் போய் விழுகிற ஒலிதான் எனக்கு ஆகாது. அவரே விரும்பிப் பட்டனை அழுத்திக் கேட்கிற ஒலியை நம்ம ஆட்கள் பாதிப் பேர் யோசிப்பதே இல்லை.

இந்தப் பின்னணி இசை ஆசை இன்று நேற்று வந்ததில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தில் 'பிஜிசவுண்ட்' என்று இதற்காகவே ஒரு குறிச்சொல் இருந்தது. ஒரே ஒரு வரி எழுதினால் போதும், பக்கம் திறந்ததும் மிடி இசை டிங் டிங் என்று ஓட ஆரம்பிக்கும். நிறுத்துவதற்குப் பக்கத்தில் பட்டன் இருக்காது. அப்புறம் ஃப்ளாஷ் வந்தது. கம்பெனி பெயர் சுழன்று சுழன்று வரும், பின்னால் இசை அதிரும், மூலையில் 'தவிர்க்க' என்று எறும்பு சைஸில் ஒரு எழுத்து. எல்லோரும் முதலில் தேடியது அந்த எறும்பைத்தான். அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷைக் கைவிட்டுவிட்டது. ஆசை மட்டும் போகவில்லை.

எங்கள் வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் தேடிக்கொண்டிருந்த சமயம். ராத்திரி பதினோரு மணி இருக்கும். பாட்டி பக்கத்தில் தூங்குகிறாள். அப்பா தன் போனில் ஒரு மண்டபத்தின் தளத்தைத் திறந்தார் (எந்த மண்டபம் என்று வேண்டாம், நல்ல மண்டபம்தான்). படங்கள் அழகாக வந்தன. 'வாடகை விவரம்' என்ற இடத்தைத் தொட்டாரோ இல்லையோ, கெட்டிமேளம்! அதுவும் முழு வால்யூமில். பாட்டி எழுந்து உட்கார்ந்து "யாருக்குடா தாலி கட்டுறாங்க?" என்று கேட்டாள். அப்பா பதறிப்போய்ப் பக்கத்தை மூடினார். திரும்பத் திறக்கவே இல்லை. கடைசியில் நாங்கள் பிடித்த மண்டபத்தின் தளத்தில் பத்துப் படம், வாடகை, எத்தனை பேர் ஒரு பந்தியில் உட்காரலாம், போன் நம்பர், அவ்வளவுதான் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பக்கம் திறந்தபோது மேளம் வரவில்லை, தொட்டபோதுதான் வந்தது. ஏன் என்றால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

கேட்காமல் ஓடும் சத்தம் பற்றிப் புகார்கள் பெருகியதும் உலாவி செய்கிறவர்களே கதவைச் சாத்திவிட்டார்கள். ஐபோனில் ஆரம்பத்திலிருந்தே பயனர் தொடாமல் சத்தம் வராது. 2017 செப்டம்பரில் வந்த சஃபாரி 11, ஆப்பிளின் கம்ப்யூட்டர்களிலும் இதைக் கொண்டுவந்தது. 2018 ஏப்ரலில் குரோம் 66. 2019 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 66. இரண்டு வருஷத்துக்குள் மூன்று பெரிய உலாவிகளும் ஒரே முடிவுக்கு வந்தன. சத்தமில்லாமல் ஓடும் வீடியோவுக்குத் தடையில்லை, சத்தம் வேண்டுமென்றால் பயனர் அந்தத் தளத்தில் எதையாவது தொட்டிருக்க வேண்டும். (கம்ப்யூட்டர் குரோமில் ஒரு சின்ன விலக்கு உண்டு. அந்தத் தளத்தில் நீங்கள் அடிக்கடி பாட்டோ படமோ பார்க்கிறவர் என்றால் அது விட்டுக்கொடுக்கும். யூட்யூப் தானாக ஓடுவது இதனால்தான். நம்ம ஊர் மண்டபத்துக்கு அந்தச் சலுகை கிடைக்காது.)

'எதையாவது தொட்டிருக்க வேண்டும்' என்பதில்தான் சிலர் புகுந்து விளையாடுகிறார்கள். பயனர் திரையில் எங்கே முதலில் கை வைத்தாலும் சரி, அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு பாட்டை ஓட விடுவது. சட்டப்படி சரி மாதிரி தெரிகிற ஒரு தகிடுதத்தம். இது பழைய பிஜிசவுண்டைவிட மோசம் என்பேன். அப்போதாவது பக்கம் திறக்கும்போதே தெரிந்துவிடும். இப்போது வாடிக்கையாளர் விலையைப் பார்க்கலாம் என்று விரலை வைக்கிற நேரம் பார்த்து, வியாபாரமே முடியப் போகிற அந்த நேரம் பார்த்து, காதில் அறைகிறோம். இதற்குக் காசு வேறு கொடுக்கிறோம்.

இன்னொரு விஷயம் நம்மில் பலருக்குத் தோன்றாது. பார்வையில்லாதவர்கள் போனையும் கம்ப்யூட்டரையும் திரை வாசிப்பான் வழியாகப் பயன்படுத்துகிறார்கள். திரையில் இருப்பதை அது குரலாகப் படித்துச் சொல்லும், இவர்கள் கேட்டுக்கேட்டு நகர்வார்கள். அந்த நேரத்தில் பக்கம் தன் பங்குக்கு நாதஸ்வரம் வாசித்தால்? இரண்டு சத்தமும் ஒரே ஸ்பீக்கரில். நிறுத்தும் பட்டன் எங்கே என்று வாசிப்பான் சொல்வது கூடக் கேட்காது. நமக்கு அது எரிச்சல், அவர்களுக்குக் கடைக் கதவே மூடிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் 2008 டிசம்பரில் வந்த டபிள்யூ3சி அமைப்பின் இரண்டாம் பதிப்பு அணுகல் வழிகாட்டி ஒரு எல்லை போட்டது. தானாக ஓடும் ஒலி 3 நொடிக்கு மேல் போனால், அதை நிறுத்தவோ அதன் அளவை மட்டும் தனியாகக் குறைக்கவோ வழி இருக்க வேண்டும். 3 நொடி. நம்ம ஆட்கள் மூணு நிமிஷத்துப் பாட்டு வைக்கிறார்கள்.

இங்கே என் வகுப்பு நண்பன் ஒருவன் சண்டைக்கு வருவான், எனக்குத் தெரியும். "டேய், இசை போட்டா வியாபாரம் கூடுதுன்னு ஆராய்ச்சியே இருக்கு." இருக்கிறது, மறுக்கவில்லை. 1982-ல் ரொனால்ட் மில்லிமன் ஒரு அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் சோதித்துப் பார்த்தார். வேகமான இசையை விட மெதுவான இசை போட்ட நாட்களில் ஆட்கள் நிதானமாக நடந்தார்கள், விற்பனை சுமார் 38 சதவீதம் அதிகம். 1997-ல் நார்த், ஹார்கிரீவ்ஸ், மெக்கெண்ட்ரிக் மூவரும் இங்கிலாந்தில் ஒரு கடையின் ஒயின் அலமாரிப் பக்கம் ஒரு நாள் பிரெஞ்சு இசை, ஒரு நாள் ஜெர்மன் இசை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிரெஞ்சு இசை ஓடிய நாளில் பிரெஞ்சு ஒயின் அதிகம் போனது, ஜெர்மன் இசைக்கு ஜெர்மன் ஒயின். படிக்கும்போது நானும் வாயைப் பிளந்தேன்.

ஆனால் இரண்டும் நடந்தது செங்கல் கட்டடத்தில். அங்கே இருப்பவர் ஏற்கனவே கூடை எடுத்துவிட்டவர். அந்த இசை கடையின் காற்றில் இருக்கிறது, அவருடைய பாக்கெட்டிலிருந்து வரவில்லை. பிடிக்காவிட்டாலும் பொருளை வைத்துவிட்டு ஒரு நொடியில் வெளியேற மாட்டார். வலைத்தளத்துக்கு வந்தவரோ பேருந்தில் இருக்கலாம், லைப்ரரியில் இருக்கலாம், ஆபீசில் மேனேஜருக்குத் தெரியாமல் புடவை பார்த்துக்கொண்டிருக்கலாம் :-) அவர் எங்கே இருக்கிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் போய்ச் சத்தம் போடுவது எப்படிச் சரியாகும்? மில்லிமனின் 38 சதவீதத்தைக் காட்டி மண்டபக்காரருக்கு மேளம் விற்பது அந்த ஆராய்ச்சிக்கே செய்கிற அநியாயம்.

ரேடியோவைச் சொல்வார்கள். இலங்கை வானொலியில் கேட்ட விளம்பரங்களை எங்கள் தாத்தா தலைமுறை இன்னும் பாடிக் காட்டுகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் ரேடியோவைத் திருகியவர் கேட்பதற்காக உட்கார்ந்தவர். வலைத்தளத்தைத் திறந்தவர் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் வந்தவர். காது அவருடைய திட்டத்திலேயே இல்லை.

கேட்பவரே கை நீட்டினால் கதை மாறிவிடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு அருமையான சாட்சி இருக்கிறது. 2013-ல் ஹிந்துஸ்தான் யுனிலீவர் பீகார், ஜார்க்கண்ட் பக்கம் 'கான் கஜூரா தேசன்' என்று ஒன்றை ஆரம்பித்தது. மின்சாரமும் டிவியும் சரியாகப் போய்ச் சேராத கிராமங்கள், ஆனால் கையில் சாதா செல்போன் உண்டு. ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அவர்களே திருப்பி அழைப்பார்கள். இலவசமாகப் பாட்டு, நகைச்சுவை, நடுநடுவே கம்பெனியின் சோப்பு ஷாம்பு விளம்பரம். ஜனங்கள் தாங்களாகவே மிஸ்டு கால் கொடுத்து விளம்பரம் கேட்டார்கள்! 2014-ல் கான்ஸ் விளம்பர விழாவில் பரிசும் வாங்கியது. இதற்கு நேர் எதிர் உதாரணம் வேண்டுமா? 2020 மார்ச்சில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஒரு இருமல் கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? கொரோனா விழிப்புணர்வு, நல்ல நோக்கம்தான். அவசரத்துக்கு அழைக்கும்போது அந்த இருமலை யார் வாழ்த்தினார்கள்? உயிர் காக்கும் செய்திக்கே அந்தக் கதி என்றால், ஆடித் தள்ளுபடிக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பெரிய கம்பெனிகளைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. இன்டெல்லின் அந்த நாலைந்து ஸ்வரம் 1994-ல் வந்தது. டைட்டன் மொசார்ட்டின் 25-ஆம் சிம்ஃபொனியிலிருந்து எடுத்துக்கொண்டது. ஏர்டெல்லுக்கு 2002-ல் ஏ.ஆர்.ரஹ்மான் போட்டுக் கொடுத்தார். எல்லாம் கேட்டவுடனே பெயர் ஞாபகம் வருகிற மெட்டுகள். ஆனால் அவை மனசில் ஒட்டியது இனிமையால் மட்டும் இல்லை. வருஷக்கணக்கில் டிவியில் ஆயிரம் தடவை கேட்டதால். அந்த ஆயிரம் தடவைக்கு அவர்கள் கொட்டிய பணம் எவ்வளவு! எங்கள் ஊர் பாத்திரக் கடையின் தளத்துக்கு ஒருவர் வாழ்நாளில் இரண்டு தடவை வந்தால் பெரிது. இரண்டு தடவையில் எந்த மெட்டும் ஒட்டாது.

சரி, குறை சொன்னது போதும். எங்கே ஒலி வைக்க வேண்டும் என்பதற்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

மானாமதுரைக் கடம் தெரியும் இல்லையா? வைகைக் கரை மண்ணில் செய்வது. அங்கே கடம் செய்கிற ஒரு அம்மாவுக்கு அந்தக் கைத்தொழிலுக்காகவே 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. இப்போது ஒரு கேள்வி. கடத்தை வலைத்தளத்தில் எப்படி விற்பீர்கள்? போட்டோ போடுவீர்கள். பத்துக் கடத்தைப் போட்டோ எடுத்துப் போட்டால் பத்தும் பானை! பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் வாசிக்கிறவருக்குப் பத்தும் பத்து வேறு வாத்தியம். ஒவ்வொரு கடத்துக்கும் ஒரு சுருதி. அதன் அளவும், சுவர் எவ்வளவு கனமாக, எவ்வளவு சீராகத் தட்டப்பட்டிருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கின்றன. சுட்ட பிறகு அதைப் பெரிதாக மாற்ற முடியாது. பாடகி ஐந்தரைக் கட்டையில் பாடினால் அதற்கு ஒரு கடம், பாடகர் ஒரு கட்டையில் பாடினால் அதற்கு வேறு கடம். அதனால்தான் வித்வான்கள் ஒன்றுக்கு மேல் வைத்திருக்கிறார்கள்.

நேரில் போனால் எப்படி வாங்குவார்கள்? ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள், வாய்ப் பக்கம், கழுத்துப் பக்கம், வயிற்றுப் பக்கம். டொரண்டோவிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைக்குக் கடம் கற்றுக்கொடுக்கிற அப்பா எப்படித் தட்டிப் பார்ப்பார்? மானாமதுரைக் கடம் சென்னைக் கடத்தை விடக் கனம் வேறு. அனுப்புவதற்கே செலவு எகிறும். சுருதி சேரவில்லை என்று திருப்பி அனுப்பினால் வழியில் உடைந்தாலும் ஆச்சரியம் இல்லை. நஷ்டம் யார் தலையில்? மண்ணை மிதித்துத் தட்டியவர் தலையில்.

அங்கேதான் இருபது நொடி ஒலி தன் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு கடத்தின் படத்துக்குக் கீழும் ஒரு பட்டன். அழுத்தினால் முதலில் தம்புரா சுருதி, பிறகு அந்தக் கடத்தின் மூன்று இடங்களிலும் தட்டிக் காட்டும் சத்தம். 'சுருதி: ஐந்தரைக் கட்டை' என்று பக்கத்தில் எழுத்து. அவ்வளவுதான். விளம்பரம் போலவே தெரியாது, ஆனால் இதைவிட நல்ல விளம்பரம் அந்தப் பொருளுக்கு வேறு கிடையாது. ஜெர்மனியில் தோமன் என்கிற பெரிய வாத்தியக் கடை இருக்கிறது, தன் தளத்தில் நிறைய வாத்தியங்களுக்கு இப்படி ஒலி மாதிரி வைத்திருக்கிறது. ஆன்லைனில் பாட்டு விற்றவர்கள் ஆரம்பத்திலேயே இதைப் புரிந்துகொண்டார்கள். ஐட்யூன்ஸ் 2003-ல் 30 நொடி இலவசமாகக் கேட்க விட்டது, 2010-ல் பெரும்பாலான பாட்டுக்கு 90 நொடி ஆக்கியது. மளிகைக் கடையில் புளியைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்க விடுகிற மாதிரி.

ஆனால் அந்த ஒலியில் எதிரொலி சேர்ப்பது, கார்வையைக் கூட்டுவது, இந்த மேக்கப் எல்லாம் கூடாது. இது வெறும் நியாயம் மட்டும் இல்லை, சட்டமும் கூட. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தனியாக வரையறுக்கிறது. 2020-ல் வந்த மின்வணிக விதிகள் விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு பொருந்த வேண்டும் என்கின்றன. போட்டோவில் சாயம் ஏற்றுவது எப்படியோ, கடத்தின் ஒலியில் கார்வை ஏற்றுவதும் அப்படித்தான் என்பது என் வாசிப்பு. (நான் வக்கீல் இல்லை. பிசினஸ் லாவில் பாஸ் ஆனவன், அவ்வளவுதான்.)

கடம் ஒன்றுதானா என்றால் இல்லை. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், தஞ்சாவூர் வீணை, கோயில் மணி, சலங்கை, கொலுசு. சேலத்துக் கொலுசு வாங்குகிற பெண்களில் ஒருத்தி சத்தம் வேண்டும் என்பாள், இன்னொருத்தி ஆபீசுக்குப் போட்டுப் போகிறேன் சத்தமே கூடாது என்பாள். இரண்டு பேருக்கும் அந்தப் பத்து நொடி ஒலிதான் பதில்.

கொத்து பரோட்டாக் கடையை எடுத்துக்கொள்ளுங்களேன். தெருமுனையிலேயே அந்தத் தாளம் நம்மை இழுக்கும். அவர் விளம்பரத்துக்காக அதைக் கொட்டவில்லை, வேலை செய்கிறார், வேலைக்கு அந்தச் சத்தம் இருக்கிறது. ஒரு தொழிலுக்குச் சொந்தமான சத்தம் எது என்று யோசித்தாலே பாதி வேலை முடிந்தது. கைத்தறிப் புடவை விற்கிறவருக்குத் தறிச் சத்தம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கிருந்தோ இறக்கிய புல்லாங்குழலை ஓடவிட்டால் அது யார் கடைக்கும் பொருந்தும், அதனாலேயே யார் கடைக்கும் பொருந்தாது.

அடுத்தது குரல். கடைக்காரரின் சொந்தக் குரல்.

முன்பின் தெரியாத தளத்தில் ஊறுகாய் வாங்கப் போகிறோம் என்று வையுங்கள். வாங்குகிறவர் மனசில் ஓடுவது 'இது நிஜமான ஆளா' என்பதுதான். அங்கே 'எங்கள் மாவடு பற்றிக் கேளுங்கள், 25 நொடி' என்று ஒரு பட்டன். அழுத்தினால் ஒரு அம்மா தன் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறார்: உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், ரெண்டு மாசம் வெளியில தாங்கும், ஈரக்கரண்டி போட்டா நான் பொறுப்பில்ல. முடிந்தது. இந்த 'நான் பொறுப்பில்ல' என்பதை எழுத்தில் போட்டால் திமிர் மாதிரி இருக்கும். குரலில் சிரிப்பு தெரியும். எழுத்தால் முடியாததைச் செய்கிறது என்பதால்தான் குரல் வேண்டும். 'வணக்கம், எங்கள் தளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று வாசிப்பதற்குக் குரல் தேவையே இல்லை, அதை யாரும் எழுத்திலேயே படிப்பதில்லை.

இப்போது செயற்கைக் குரல் மலிவாகிவிட்டது. ஒரு பத்தியை ஒட்டினால் செய்தி வாசிப்பாளர் மாதிரி தமிழில் வாசித்துத் தருகிறது. நீளமான விவரத்தை வாசிக்க வைக்கலாம், தப்பில்லை. ஆனால் ஊறுகாய் அம்மாவின் இடத்தில் அதை உட்கார வைத்து 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல வைத்தால் அது பொய். அதை ஒருநாள் வாடிக்கையாளர் கண்டுபிடித்தால் மாவடு மேலேயும் சந்தேகம் வரும்.

குரல் எதிர்த் திசையிலும் போகலாம் என்பதை ஏனோ யாரும் பேசுவதில்லை. வாட்ஸப்பில் குரல் செய்தி 2013-ல் வந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தமிழில் தட்டச்சு செய்யவே இல்லை, நேராகப் பேசி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் அத்தை அனுப்புவது ஒவ்வொன்றும் நாலு நிமிஷம், அது தனிக்கதை. இவர்கள் 'பெயர், முகவரி, அளவு' என்று ஆங்கிலப் படிவத்தைக் கண்டால் பின்வாங்குகிறார்கள். தளத்தில் 'என்ன வேண்டும் என்று பேசி அனுப்புங்கள்' என்று கடையின் வாட்ஸப்புக்கு ஒரு வழி வைத்தால், எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர் கூட வாடிக்கையாளர் ஆகிவிடுவார். கடையின் சத்தத்தை அவர் காதில் போடுவதற்குச் செலவழிக்கிற காசில், அவர் சத்தத்தைக் கேட்க ஒரு ஆளை வைக்கலாம்.

சினிமாப் பாட்டு வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காசு கொடுத்து ஒரு ஆப்பில் பாட்டு வாங்கிவிட்டால் அதைத் தன் கடைத் தளத்தில் ஓடவிடும் உரிமையும் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வராது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் வரிக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், அவர் கீர்த்தனைக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் அதை இன்றைக்கு ஒருவர் பாடிப் பதிவு செய்ததை எடுத்துப் போட்டால் அந்தப் பதிவின் உரிமையாளர் கேட்பார். சொந்தமாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டால் அதை வணிகச் சின்னமாகவே பதிவு செய்ய இந்தியாவில் வழி இருக்கிறது. யாஹூவின் கூவல் 2008-ல் பதிவானது, இந்தியக் கம்பெனிகளில் ஐசிஐசிஐ வங்கி 2011-ல். 2017 விதிப்படி 30 நொடிக்கு மிகாத எம்பி3-யும் அதன் ஸ்வரக் குறிப்பும் கொடுக்க வேண்டும். பாத்திரக் கடைக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள், தேர்வில் வந்தாலும் வரும் என்று சொல்லி வைத்தேன்.

செய்முறைக்குப் பெரிய செலவில்லை. 128 கேபிபிஎஸ்-இல் ஒரு நிமிஷப் பாட்டு கிட்டத்தட்ட 1 எம்பி பிடிக்கும். பேச்சுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒற்றை ஒலித்தடத்தில் 48 கேபிபிஎஸ் போதும், 20 நொடிக்கு 120 கேபி தான், ஒரு சின்ன போட்டோ அளவு. பட்டனை அழுத்தும் வரை அது இறங்கவே கூடாது என்று தளம் செய்கிறவரிடம் சொல்லிவிடுங்கள், கிராமத்தில் சிக்னலுக்கு மாடி ஏறுகிறவருக்குப் புண்ணியமாகப் போகும். எத்தனை நொடி என்பதைப் பட்டன் மேலேயே எழுதுங்கள். பேசியதைக் கீழே எழுத்திலும் போடுங்கள். காது கேளாதவருக்கு அது வேண்டும், கூகுள் தேடலுக்கும் அது வேண்டும்.

பதிவுக்கு ஸ்டூடியோ எல்லாம் வேண்டாம், போன் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று பேசினால் எதிரொலி அடங்கும். பக்கத்து வீட்டு மிக்சி ஓடாத நேரமாகப் பாருங்கள். ஊறுகாய் அம்மா பேசும்போது நடுவில் காக்கா கத்தினால் மட்டும் வெட்ட வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம் செமஸ்டர். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் இன்னும் புது வாசனையோடு இருக்கிறது. உங்களை அலற வைத்த தளக் கதை இருந்தால் (கடை பெயர் இல்லாமல்) சொல்லுங்கள், பரீட்சை முடிந்ததும் வந்து படிக்கிறேன்.